பலகையில் தொங்கிய என் டோக்கன்

என் பெயரும் விலாசமும் என் கணவர் கொடுத்த புகாரில் கண்டபடியே. வயது ஐம்பத்திரண்டு. தையல் கடை வைத்திருக்கிறேன். படகோட்டியின் உரிமத்தை ரத்து செய்யக் கோரும் மேற்படி புகார் தொடர்பாகக் காவல் நிலையத்தில் ஆஜராகி, விசாரிக்கப்பட்டதில் சொல்வதாவது:

நேற்று காலை நானும் கணவரும் தீவின் கடல் பூங்காவுக்குப் படகில் சென்றோம். படகோட்டி ஆளுக்கொரு எண் போட்ட மர டோக்கனைக் கொடுத்து, தண்ணீரிலிருந்து ஏறியதும் அவரவர் டோக்கனை அவரவரே படகிலுள்ள பலகையில் மாட்ட வேண்டும், பலகை நிறைந்தால்தான் படகு கிளம்பும் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். கணவர் என் டோக்கனையும் வாங்கித் தன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டார். பயணச்சீட்டு, அறைச் சாவி, என் கைபேசி எல்லாம் எப்போதும் அவரிடம்தான் இருக்கும்.

அதன்பின் மிதவைச் சட்டையும் கண்ணாடியும் மூச்சுக்குழாயும் அணிந்து இறங்கினோம். கணவர் உப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சீக்கிரமே படகுக்குத் திரும்பினார். நான் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தேன். இத்தனை வருஷம் துணியில் நான் பார்த்ததெல்லாம் வெறும் சாயம் என்று அப்போதுதான் தெரிந்தது. பவளப்பாறை இடுக்கில் ஒரு கடலாமை படுத்திருக்க, சின்னச் சின்ன மீன்கள் அதன் ஓட்டைக் கொத்திச் சுத்தம் செய்துகொண்டிருந்தன. அது அவசரமே இல்லாமல் எழும்பி, என் பக்கத்தில் தலையை நீட்டி மூச்சு விட்டது. வயதானவர் நாற்காலியில் உட்காரும்போது விடுகிற மூச்சு போல இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணாடிக்குள் அழுதால் துடைக்க முடியாது என்பதையும் அறிந்தேன்.

அதன்பின் நிமிர்ந்து பார்த்தபோது படகைக் காணோம். பூங்கா எல்லையில் கட்டியிருந்த மிதவையைப் பிடித்துக்கொண்டேன். பயம் தாங்காமல் மறுபடி முகத்தை உள்ளே வைத்தேன். ஆமை பழைய இடத்துக்கே போய்ப் படுத்திருந்தது. அதன்பின் பயம் இல்லை.

அதன்பின் படகு திரும்பி வந்தது. படகோட்டி என்னைத் தூக்கி ஏற்றினார். "ஆளை நடுக்கடல்ல விட்டுட்டுப் போறியே, கண்ணு தெரியலையா?" என்று கணவர் கத்தினார். "பலகை நிறைஞ்சிருந்துச்சு சார்" என்று மட்டும் படகோட்டி சொன்னார். பலகையைப் பார்த்தேன். என் டோக்கன் தொங்கிக்கொண்டிருந்தது. யார் மாட்டியது என்று கேட்டேன். "நான்தான். உங்கிட்ட இருந்தா தொலைச்சிடுவே" என்றார் கணவர். டோக்கன் தொலையவில்லை.

படகோட்டி மீது எந்தத் தவறும் இல்லை. என் கணவரும் கெட்டவர் அல்ல, பழக்க தோஷம். நாளை அதே படகில் மறுபடி போக விரும்புகிறேன் என்பதால், படகோட்டியின் உரிமம் எனக்கும் வேண்டியிருக்கிறது.

இதுவரை எழுதியதை வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, உண்மை தவிர வேறில்லை. கையெழுத்துக்காக என்னிடம் நீட்டிய பேனாவைப் பக்கத்தில் இருந்த கணவர் வாங்கிக்கொண்டார். அதைக் கேட்டு வாங்கி, நானே கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்)