பிரேக் நல்லா இருக்கெண்டு சொல்லுங்கோ

ஹலோ… ஓம், வின்சன்ட்தான். … ஓம், ஓம், கேக்குது. ஆறுதலாக் கதையுங்கோ முதலாளி.

… தம்பியோ? எட்டு மாசமா இந்த ஓலைத்தொடுவாய்ப் பக்கம் தலைகாட்டேல்லை, ஒரு கோல் எடுக்கேல்லை. இண்டைக்குத் தம்பி. … சரி, சரி. சொல்லுங்கோ.

… ம். … ம்.

ஓம், தெரியும். உங்கட மீன் லொறியை மறிச்சு வச்சிருக்கினம். நுவரெலியா தாண்டி, வெலிமடைக்கு இறங்கத் துவங்கிற இடத்தில. … எப்பிடித் தெரியுமோ? நான்தானே சொல்லி மறிப்பிச்சனான்.

…… ……

கத்தி முடிஞ்சுதோ? … இல்லை, போனை வைக்கேல்லை. இருக்கிறன். ஒரு காலோட கதிரையை விட்டு எங்க போறது?

… ஓம், அந்தப் பொலிஸ் சார்ஜனைத் தெரியும். பதினொரு வரியம் கிழமைக்கு ரெண்டு தரம் உங்கட மீனோட அந்த இறக்கத்தில நிண்டு போனவன் நான். அவர் என்னைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார். ரெண்டு மணிக்கு எடுத்துச் சொன்னனான், பிரேக் பிழையான லொறி ஒண்டு வருது, இறங்க விடாதேங்கோ எண்டு. நம்பரும் குடுத்தனான். மறப்பனே அந்த நம்பரை?

… பழி வாங்கிறனோ? ஓம். வேற என்ன செய்யிறன் எண்டு நினைச்சீங்கள்?

… பொறுங்கோ. பொறுங்கோ முதலாளி, இப்ப நான் கதைக்கிறன். அந்த இடத்தில ஒரு அறிவிப்புப் போட் நிக்குது, மூண்டு பாசையில. பார வாகனம் முதலாம் கியரில இறங்கவேணும். நியூட்றல்ல விடக்கூடாது. இறங்க முதல் நிப்பாட்டி பிரேக் பாக்கவேணும். உங்கட சட்டம் வேற. "இறக்கத்தில நியூட்றல்ல விடு வின்சன்ட், டீசல் மிஞ்சும்." … சொல்லேல்லையோ? ஒவ்வொரு பயணமும் சொன்னனீங்கள்! எங்கட தீவில இருந்துகொண்டு சொல்லுறது லேசு. இங்க மேடு பள்ளமில்லாத தாழ்வுப்பாட்டு றோட்டில பிரேக் இல்லாமலே லொறி ஓடலாம். அங்க ஒரு பக்கம் மலை, மற்றப் பக்கம் ஒண்டுமில்லை.

… மெக்கானிக் நிப்ராஸ் உங்களுக்குச் சொன்னவன்தானே? மீன் பெட்டியில ஒழுகிற உப்புத் தண்ணி பிரேக் பைப்பைத் திண்டு போட்டுது, மாத்துங்கோ எண்டு. கராச்சில நானும் பக்கத்தில நிண்டனான். "இந்த ஒரு பயணம் போட்டு வரட்டும்" எண்டனீங்கள். அந்தப் பயணத்திலதான், அதே இறக்கத்தில பிரேக் பிடியாமல், என்ர கால் போனது.

… கால் போனதுக்கு நான் ஒண்டும் கேக்கேல்லை. நான் மயங்கிக் கிடக்கேக்க பொலிசுக்குப் போய் என்ன சொன்னனீங்கள்? "பிரேக் நல்லா இருக்கு, வின்சன்ட் குடிச்சவன்." மடு மாதாவுக்கு நேர்ந்து பன்ரண்டு வரியம் ஒரு சொட்டுத் தொடாதவன் நான். நான் நேர்ந்தநேரம் பக்கத்தில முழந்தாளில நிண்டது ஆர்? … ஆர் முதலாளி? … ஓம். நீங்கள்தான்.

என்ர மகள் டிலோஜினி இப்ப பள்ளிக்கூடத்தில குடிகாரன்ர பிள்ளை.

……

… ஐஸ் உருகுதோ? உருகட்டும். … நாளைக்கு வெலிமடைச் சந்தையோ? இருக்கட்டுமே.

… என்ன? … ஓட்டிக்கொண்டு போனது உங்கட மகனோ?

தெரியும்.

… தெரியும் எண்டு சொல்லுறன். விடிய என்ர படலையடியால போகேக்க ஹோன் அடிச்சவன் றொட்னி. "அண்ணை, போட்டு வாறன்" எண்டு கை காட்டினவன். நானும் கையைத் தூக்கினனான். கவனம் எண்டு சொல்லேல்லை. … ஓம். வேணுமெண்டுதான்.

பெயின்ற் மட்டும் புதிசு, லொறி அதேதான். அந்தப் பைப் மாத்தேல்லை எண்டு நிப்ராஸ் போன கிழமைதான் சொன்னவன். என்ர மனிசி பிரான்சிஸ்கா சோறு கொண்டந்து வச்சவ, சாப்பிடேல்லை. போனைக் கையில வச்சுக்கொண்டு இருந்தனான். லொறி இப்ப மதவாச்சி… இப்ப தம்புள்ளை… இப்ப கண்டி. அவனை நிப்பாட்ட ஒரு கோல் காணும். எடுக்கேல்லை. உங்கட வீட்டிலயும் ஒரு கதிரையில ஒருத்தன் இப்பிடி இருக்கட்டும் எண்டு நினைச்சனான்.

…… ஏசுங்கோ. ஏசுங்கோ, கேக்கிறன். நினைச்சதை நினைச்சன் எண்டுதான் சொல்லுறன்.

… பிறகு ஏன் எடுத்தனானோ? தெரியேல்லை. றம்பொடை ஏற்றம் முடிஞ்சிருக்கும் எண்ட நேரம், கை தானா அமத்திச்சுது.

… நன்றியோ? வேண்டாம். இன்னும் முடியேல்லை.

நான் சார்ஜனுக்கு எடுத்து, பிழையாச் சொல்லிப்போட்டன், பிரேக்கில ஒண்டுமில்லை எண்டு சொன்னா அவர் விடுவார். … ஓம், இப்பவே எடுக்கிறன். ஒரு சொல்லு நீங்கள் எனக்குச் சொல்லவேணும். "பிரேக் நல்லா இருக்கு." பொலிசில சொன்ன அதே சொல்லு. சொல்லுங்கோ, அடுத்த நிமிசம் றொட்னி இறங்கட்டும்.

…… ……

முதலாளி? … மூச்சு கேக்குது. இருக்கிறீங்கள். சொல்லுங்கோவன். என்ர விசயத்தில லேசாச் சொன்னனீங்கள்தானே?

……

ஆ? கேக்கேல்லை. … இன்னும் கொஞ்சம் பலமா. பொறுங்கோ. பிரான்சிஸ்கா! இங்க வா. டிலோஜினியையும் கூட்டிக்கொண்டு வா. ஸ்பீக்கரில போடுறன். … ம். இப்ப சொல்லுங்கோ.

…… ……

கேட்டனீங்களே ரெண்டு பேரும்? பிரேக்தான் பிழையாம், நான் குடிக்கேல்லையாம். … போ பிள்ளை, நீ போய்ப் படி. கேட்டது காணும்.

… அழாதேங்கோ முதலாளி. … அழாதேங்கோ. என்னை வார்ட்டில வந்து பாக்காத ஆள் எனக்கு முன்னால அழக்கூடாது. இப்ப சொன்னதை வாற செவ்வாய் என்ர வழக்குக்குக் கோட்டில, நீதவானுக்கு முன்னால அப்பிடியே சொல்லுங்கோ. … ஓம். அப்பிடியே. நானும் அங்க இருப்பன்.

… லொறி அங்கயே நிக்கட்டும், பைப் மாத்தும் வரைக்கும். மீன் நாறட்டும். பெடியனை பஸ்ஸில வரச் சொல்லுங்கோ.

… பொறுங்கோ, வைக்காதேங்கோ. முதல் அவனுக்கு எடுத்து, சில்லுக்குக் கட்டை வைக்கச் சொல்லுங்கோ. முன் சில்லு, பின் சில்லு, எல்லாத்துக்கும். அது சரிவு. எங்கட ஊர்ப் பெடியனுக்கு அது தெரியாது.

… எடுங்கோ. இப்பவே எடுங்கோ.