மணிக்கட்டுப் பாடம்

என் வகுப்புக்கு வரும் பெண்கள் முதல் நாள் கேட்பது, வலிக்குமா மாஸ்டர் என்பதுதான் சார். வலிக்காது என்பேன். பதினோரு வருடமாகத் தேர்வாய் கண்டிகை சிப்காட் கம்பெனிப் பெண்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் தற்காப்புக் கராத்தே சொல்லித்தருகிறேன். ஒருத்திக்கும் சுளுக்குகூடப் பிடித்ததில்லை. அதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

கிறிஸ்டினாவும் நல்ல பிள்ளையாகத்தான் இருந்தாள். இருபத்து மூன்று வயது, பேக்கிங் பிரிவில் வேலை, ஒரு வகுப்பும் தவறியதில்லை. வாய் மட்டும் கொஞ்சம் நீளம். மணிக்கட்டைப் பிடித்தால் கையை எப்படி உருவுவது என்று போன மாதம் காட்டிக்கொண்டிருந்தேன். அவள் உருவினாள், நான் விட்டேன். உடனே கேட்டாள்.

"இன்னா மாஸ்டர், நீங்களே வுட்டுட்றீங்க. ரோட்ல ஒருத்தன் புட்சிக்கினான்னா வுடுவானா?"

"நான் சொல்லிக்குடுத்த மாரி செஞ்சா வுட்டுத்தான் ஆவணும்."

"அப்ப நெஜமா புடிங்க மாஸ்டர், பாக்கலாம்."

பக்கத்தில் நின்ற செண்பகம் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு வகுப்பில் இருந்த இருபது பேரும் சிரித்தார்கள். நேரமாகிவிட்டது என்று வகுப்பை முடித்தேன். அடுத்த வாரம் ஒன்பது பேர்தான் வந்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது, அதில் மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் கோபம் இல்லை. அவள் கேட்டது நியாயமான கேள்வி. பதில் சொல்லாமல் விட்டால் நான் என்ன மாஸ்டர்?

கம்பெனி வேனைப் பிடிக்க அவள் ஏரிக்கரை வழியாக நடந்து வருவாள். அன்று காலை ஐந்தே முக்கால் இருக்கும். ஹெல்மெட்டை மாட்டி, கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, பின்னாலிருந்து போய் மணிக்கட்டைப் பிடித்தேன். ஒரு நிமிடம் பயமுறுத்திவிட்டுப் போய்விடுவதாகத்தான் இருந்தேன். நிஜமாகப் பிடித்தால் எப்படி இருக்கும் என்று ஞாயிற்றுக்கிழமை அவளே எல்லாரிடமும் சொல்லட்டும் என்று நினைத்தேன்.

எல்லாம் சரியாகச் செய்தாள் சார். கூச்சல் போட்டு நேரத்தை வீணாக்கவில்லை. கட்டைவிரல் பக்கமாகத் திருப்பி உருவப் பார்த்தாள். எனக்கு அது தெரியும் என்பதால் கையோடு கூடவே திரும்பினேன். முழங்கையால் இடித்தாள், விலகிக்கொண்டேன். கழுத்தைச் சுற்றிக் கை போட்டேன். சொல்லித்தந்ததை அப்படியே செய்கிறாளே என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அப்போது என் கையில் இரண்டு முறை தட்டினாள். வகுப்பில் வலி தாங்கவில்லை என்றால் அப்படித் தட்டுவார்கள், பிடித்திருப்பவர் உடனே விட்டுவிட வேண்டும். ரோட்டில் மறிக்கும் முன்பின் தெரியாதவனிடம் யாரும் தட்டமாட்டார்கள்.

நான் யாரென்று தெரிந்துகொண்டுவிட்டாள். அதுவரை நான் பாடம்தான் நடத்திக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகுதான் சார், மூச்சு நிற்கும்வரை இறுக்கினேன்.