எதிர் டீம் பெஞ்ச்

வேணாம்மா, அந்தக் காபிய நீங்களே குடிங்க. ஆள் பாக்க வர்ற நாங்க பெத்தவங்க கையால பச்சத்தண்ணி கூட வாங்கக் கூடாது. எங்காளுங்கள்ல பாதிப் பேரு வாங்குறான், அது வேற கதை. சரி சரி, கீழ வைங்க, உக்காருங்க. அந்தப் பக்கம் வேணாம், அங்க மேல இருக்கற ஹீட்டர் காசு போட்டாத்தான் எரியும். போட்டாலும் முட்டி மட்டும்தான் சுடும், முதுகு வெறைச்சுப் போயிரும். இங்க வாங்க.

ஆமா, நான்தான் ஹாராபியக். ஜூனியர் ஐஸ் ஹாக்கி டீமுக்குப் பசங்களப் பொறுக்கிக் குடுக்கறவன். இருபத்தாறு வருஷம் ஆச்சு, இந்தப் புல்வெளி மாகாணம் முழுக்க நான் உக்காந்து தேய்க்காத பலகையே கெடையாது. நீங்க யாருன்னும் தெரியும். பத்தொம்பதாம் நம்பர், கீகன் டோர்க்சனோட அம்மா. வெள்ளிக்கிழமைலேர்ந்து பாக்குறேனே, கண்ணாடிய ரெண்டு கையாலயும் தட்டுறீங்களே, இன்னும் ஒடயாம இருக்கறதே அதிசயம்.

அவசரப்படாதீங்க. ஐஸ் வழிக்கிற வண்டி இப்பத்தான் மொத சுத்து வருது. பசங்க எறங்க இன்னும் கால் மணி நேரம் ஆகும்.

நேராவே கேட்டுட்டீங்க, நல்லது. மத்தவங்க மொதல்ல என் பெண்டாட்டி சௌக்கியமான்னு கேப்பாங்க, அவ போயி ஏழு வருஷம் ஆச்சு. அவனப் பத்தி என்ன எழுதியிருக்கேன், மே மாசம் டீமுங்க சுத்து சுத்தா ஆளெடுத்துப் பேரு படிக்கிறப்ப அவன் பேரு வருமா வராதா, அதானே? சொல்றேம்மா. சொல்லாம உங்கள அனுப்ப மாட்டேன். ஆனா என் வாய் நேரா போகாது, நாலு வளைவு வளைஞ்சுதான் போகும். கொஞ்சம் பொறுத்துக்கங்க.

மொதல்ல இந்தத் தாளப் பாருங்க. பாருங்க, தப்பில்ல. இது என்னன்னு நெனைக்கிறீங்க? உங்க உயரம். அஞ்சடி ஒம்பது அங்குலம், குத்து மதிப்பா. இதென்ன? நீங்க போட்டிருக்கற பூட்ஸோட சைஸ். கோச்சுக்காதீங்க, இதான் எங்க தொழில். பதினாலு வயசுப் பையன் இன்னும் எவ்ளோ வளருவான்னு அவனப் பாத்துத் தெரியாது, அதனால பெத்தவங்களப் பாப்போம். அம்மா மணிக்கட்டு, அப்பா காலு. மாட்டுச் சந்தையிலயாவது மாட்ட மட்டுந்தான் பல்லப் புடிச்சுப் பாப்பான். நாங்க ஆத்தாளயும் சேத்துப் பாக்கறோம். கேக்கவே குமட்டுதுல்ல? எனக்கும்தான் குமட்டுது. ஆனா இருபத்தாறு வருஷமா எழுதிட்டுத்தான் இருக்கேன்.

அப்புறம் இது, பொறந்த மாசம். ஜனவரில பொறந்தவன் நவம்பர்ல பொறந்தவனவிட பத்து மாசம் பெரியவன், அவ்ளோதான் விஷயம். ஆனா ரெண்டு பேரையும் ஒரே வயசுன்னு ஒண்ணா எறக்கி விடுவோம். பெரியவன் சின்னவன இடிச்சுத் தள்ளுனா ஆகா என்ன தெறமன்னு எழுதுவோம். உங்க பையன் நவம்பர். தெரியும். அதான் சொல்றேன், அந்தப் பத்து மாசத்தையும் மீறி அவன் ஓடுறான் பாருங்க, அது நெஜம். கால் சுத்தம். கையும் சுத்தம். யாரு எங்க நிக்கறான்னு திரும்பிப் பாக்காமலே தெரியுது அவனுக்கு. போன நவம்பர்லயே எழுதிட்டேன், நூத்துல ஒருத்தன்னு.

சிரிக்கிறீங்க. சிரிங்க.

அதோ அங்க கீழ, மூலைல நாலு பேரு கோட்டு போட்டுட்டு நிக்கறான் பாருங்க, வாயில சூரியகாந்தி வெதையக் கொறிச்சு எச்சிக் கப்புல துப்பிட்டு? எங்க ஜாதிதான். மத்த டீமுக்குப் பாக்கறவனுங்க. அதுல அந்தச் செகப்புத் தொப்பி, அவன் பசங்க ஆட்டத்தையே பாக்க மாட்டான். பக்கத்துல உள்ளவன் என்ன எழுதுறான்னு பாத்து எழுதுவான். சம்பளம் எனக்கு மேல. த்தூ.

வெள்ளிக்கிழமைக்கு வர்றேன். ரெண்டாவது பகுதி ஆட்டம். உங்க பையன் மூலைல அந்த ரப்பர் பக்க மட்டையால எடுக்கக் குனிஞ்சான், அந்த நெட்டப் பய பின்னாலேர்ந்து வந்து ஓரத்துப் பலகைச் சுவரோட சேத்து நசுக்கினான். சத்தம் இங்க வரைக்கும் கேட்டுச்சு. உடனே எந்திரிச்சுட்டான், ஆமா. எந்திரிச்சான். எல்லாரும் கை தட்டுனீங்க, ரெண்டு பக்கமும் பசங்க மட்டையால பலகையத் தட்டுனாங்க. நீங்க கூட, இந்தக் காதால கேட்டேன், எம்புள்ள சிங்கம்னு கத்துனீங்க.

அப்புறம் அவன் எங்க போனான்?

பெஞ்சுக்கா? ஆமாம்மா. பெஞ்சுக்குத்தான் போனான். எந்தப் பெஞ்சு? எதிர் டீம் பெஞ்ச். கதவத் தெறந்து உள்ள கால வெச்சுட்டான். அந்தப் பசங்க சிரிச்சுத் தள்ளி விட்டாங்க. வெளையாட்டுக்குப் போனானா? அப்படித்தான் எல்லாரும் சொன்னாங்க. அந்த நாலு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சானுங்க. சிரிச்சு முடிச்சு, ஆளுக்கு ஒரு நட்சத்திரம் போட்டானுங்க. வலி தாங்குவான்னு எழுதினானுங்க. பூனை கண்ண மூடிக்கிட்டா பூலோகமே இருண்டுருமாக்கும்.

நான் சிரிக்கல. நான் யோக்கியன்னு சொல்ல வரல. அத ஒரு தடவ பாத்தவன், அவ்ளோதான்.

ஒம்பது வருஷம் முன்னாடி, ஜெரட்னு ஒரு பையன். இதே மாதிரி ஒரு ஊரு, இதே மாதிரி ஞாயித்துக்கெழம வரைக்கும் போட்டி. அடி பட்டு எந்திரிச்சு எதிர் பெஞ்சுக்குப் போனான். அன்னிக்கு நான்தான் மொதல்ல சிரிச்சேன். நான்தான் எழுதினேன், வலி தாங்குவான்னு. மே மாசம் மேசையத் தட்டித் தட்டிச் சண்ட போட்டு அவன மொத சுத்துல எடுக்க வெச்சேன். பதினாறு வயசுல வீட்ட விட்டு வந்து, டீம் ஏற்பாடு பண்ண ஒரு வீட்ல தங்குனான், எல்லாப் பசங்களும் அப்படித்தான, தெரியாதவங்க வீட்ல தங்கி ஆடணும். மாசா மாசம் அந்த வீட்டம்மாவுக்கு நான் போன் பண்ணுவேன், பையன் எப்படி, ஒழுங்கா இருக்கானான்னு. அந்தம்மா சொன்னாங்க, சாப்பிடுறப்பக் கூடக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கறான், கரண்டி தட்டுல பட்டாக் காதப் பொத்திக்கறான்னு. வயசுப் பையன், ஸ்டைல் பண்றான்மான்னேன். மூணு தடவ சொன்னாங்கம்மா. மூணு தடவயும் அதத்தான் சொன்னேன்.

இப்ப இருபத்து மூணு வயசு. அவங்கம்மா வீட்ல, கீழ்தளத்துல, ஜன்னலுக்கெல்லாம் கம்பளி அடிச்சு உக்காந்திருக்கான். அந்தம்மா வீட்டக் கூட்டுற மெஷின் கூடப் போடுறதில்ல, சத்தம் தாங்க மாட்டான்னு. போன மாசம் போயிருந்தேன். என்னைய அடையாளம் தெரிஞ்சுது, பேர் சொன்னான், நல்லாத்தான் பேசினான். அவங்கம்மா தண்ணி எடுத்துட்டு வர்றதுக்குள்ள, நீங்க யாருங்கன்னான். எம்பொழப்பு மேல எனக்கு அன்னிக்கு வந்த அருவருப்பு இன்னும் போகல.

கெளம்பாதீங்க, உக்காருங்கம்மா. பசங்க இன்னும் வரல. சொல்லி முடிச்சுர்றேன்.

நேத்து சாயங்காலம் எங்க மேனேஜருக்குப் போன் போட்டேன். பத்தொம்பதாம் நம்பருக்குத் தலைல அடி, அவனுக்குத் தடுமாறுது, அவன இன்னிக்கு எறக்கக் கூடாது, நம்ம டீம் டாக்டர விட்டுப் பேசச் சொல்லுங்கன்னேன். அந்தாளு என்ன சொன்னான் தெரியுமா? நல்லதுய்யா, வாயத் தெறக்காதன்னான். இன்னிக்கும் அவன் ஆடட்டும், தடுமாறட்டும், மத்த டீமுங்க பாத்துட்டு அவன வுட்டுருவானுங்க, மே மாசம் மூணாவது சுத்துல நம்ம மடில வந்து விழுவான்னான். எரியிற வூட்ல புடுங்குன வரைக்கும் லாபம்னு பேசுறான்மா, பதினாலு வயசுப் பையன் மண்டைய வெச்சு. அவன் மேசைல அவன் பிள்ளைங்க படம் வேற இருக்கு. இந்த டீம் ஜாக்கெட்ட நாளைக்குத் திருப்பிக் குடுக்கணும், இனி அந்த வேல எனக்கில்ல. குடுத்துருவேன். இன்னிக்குக் குளுருதேன்னு போட்டிருக்கேன்.

ஏன் உங்ககிட்ட மொதல்ல சொல்லலன்னா கேக்கறீங்க?

அதுக்குத்தான் வர்றேன். நேத்து ஆட்டம் முடிஞ்சு கீழ எறங்குனேன். ரெண்டு டீம் ரூமுக்கும் நடுவுல, ஒத்தையா சுவத்தப் புடிச்சுக்கிட்டு நிக்கறான் உங்க பையன். என்னப் பாத்து, சார், எங்க ரூம் எதுங்கன்னான். ரெண்டு நாளா அதே ரூம். கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயி பலகைல உக்கார வெச்சேன். ஸ்கேட் கயிற அவுக்கப் போறான், வெரலு கயிறத் தேடுது. நான்தான் குனிஞ்சு அவுத்து விட்டேன். எப்பலேர்ந்துடா தலவலின்னு கேட்டேன். வெள்ளிக்கெழம ராத்திரியே வாந்தி எடுத்தேன்னான். யாருகிட்டயாவது சொன்னியான்னேன்.

சொன்னான்மா. அம்மாகிட்ட சொன்னேன், அம்மா ஞாயித்துக்கெழம வரைக்கும் யாருகிட்டயும் மூச்சு விடாதன்னாங்கன்னான்.

இல்ல, பொய் சொல்லாதீங்க. என்கிட்ட வேணாம். முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்க நானே ரொம்ப வருஷம் பழகினவன், எனக்கு அந்த வாசன தெரியும். ரெண்டு மாத்திரையக் குடுத்து, ரெண்டே நாள் பல்லக் கடிச்சுக்கோ ராஜான்னு சொன்னீங்களாம். அவன் உங்கள விட்டுக் குடுக்கல, அதையும் சொல்லிர்றேன். அம்மா ரெண்டு வேல பாக்கறாங்க சார், விடியக்காலம் அஞ்சு மணிக்கு என்ன ஐஸுக்குக் கூட்டிட்டு வர்றாங்க சார்னான். நீங்க கெட்டவங்கன்னு நானும் சொல்லல. அந்த மேனேஜர் கெட்டவன், அந்தச் செகப்புத் தொப்பி கெட்டவன், நான் கெட்டவன். நீங்க ஆசப்பட்டீங்க. ஆனா அவன் மண்டைக்குள்ள போயிப் பாத்தா, யாரு எதுக்காகச் செஞ்சாங்கன்னு எழுதியா இருக்கும்?

எந்திரிக்காதீங்கம்மா. கீழ போயிப் பிரயோஜனம் இல்ல. அங்க இல்ல அவன்.

அவங்கப்பா. ஆமா, வெர்ன்தான். எங்க தாள்ல அவரு நம்பரும் இருக்கும்ல, நேத்து ராத்திரி கூப்பிட்டேன். சுரங்கத்துல வேலைல இருந்தாரு, மேல ஏறி வந்ததும் பேசினாரு. நீங்க ரெண்டு பேரும் பிரிஞ்சிருக்கீங்க, அது உங்க பாடு, அதுல நான் தலையிடல. ஆனா பெத்தவரு வந்து புள்ளய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா எந்தக் கோச்சும் குறுக்க நிக்க முடியாதுல்ல. நாலு மணி நேரம் பனில ஓட்டிட்டு வந்தாரு மனுஷன். நீங்க காபி வரிசைல நிக்கறப்ப வண்டியப் பின்பக்கக் கதவுக்குக் கொண்டாந்துட்டாரு. ட்ரெய்னர்கிட்ட சொல்லிப் பையன வெளிய கூட்டிட்டு வர கால் மணி நேரம் வேணும், அவ பாத்தா ஆட வெச்சுருவான்னாரு. அந்தக் கால் மணி நேரத்துக்குத்தான் இவ்ளோ நேரம் என் வாய் வளைஞ்சு வளைஞ்சு போச்சு. நீங்க மேல ஏறி வரலன்னா நானே காபி வாங்கிட்டு உங்ககிட்ட வந்திருப்பேன்.

திட்டுங்க. நல்லாத் திட்டுங்க. அந்த நாலு பேரும் திரும்பிப் பாக்கட்டும்.

என்ன எழுதினேன்னு கேட்டீங்கள்ல, இந்தாங்க, படிங்க. நூத்துல ஒருத்தன்னு இருக்கா? அது நவம்பர்ல எழுதினது, அத அடிக்கல. கீழ நேத்து எழுதினது ஒரே வரி. தலைல அடி, டாக்டர் சொல்ற வரைக்கும் எவனும் எடுக்காதீங்கன்னு. காப்பி எடுத்து அந்த நாலு பேரு கையிலயும் காலைலயே குடுத்துட்டேன். ஆமா, இந்த மே மாசம் அவன் பேரு வராது. வராம இருக்கறதுக்கு நான்தான் காரணம். யாரு கேட்டாலும் என் பேரச் சொல்லுங்க.

இன்னொண்ணு. இது நானா சொல்றது இல்ல, அவன் கேட்டுக்கிட்டது. காலைல உங்கப்பா வர்றாருடான்னு சொன்னேன், வண்டில ஏற மாட்டேன்னு ரூம் கதவுகிட்டயே நின்னுட்டான். ஏன்டான்னேன். அம்மாகிட்ட யாரு சொல்றதுன்னான். ஆஸ்பத்திரிலேர்ந்து நீயே போன் பண்ணிச் சொல்லுடான்னேன். அழுதுட்டான்மா, அவ்ளோ பெரிய பையன், தோள் ரெண்டும் குலுங்குது. தலவலி கூடப் பரவால்ல சார், அம்மாகிட்ட சொன்னா அவங்க மூஞ்சி ஒரு மாதிரி ஆயிரும், எனக்கு அதான் பயமா இருக்கு, நீங்க சொல்லிர்றீங்களான்னான். சரிடா, நான் சொல்றேன், வண்டி வந்ததும் நீ ஏறுன்னேன்.

சொல்லிட்டேன்மா.