ஏழாம் நம்பர் பாட்டில்

துணி துவைப்பது எனக்குப் பிடித்த வேலை. வீட்டில் சமையல் என் மனைவி பொறுப்பு, பாத்திரம் அவள் தம்பி பொறுப்பு, துணி என் பொறுப்பு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வாக்குமூலத்தில் நீங்கள் குறித்துக்கொள்ள வசதியாக இருக்கும். ஜன்னலை மூடினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. வேண்டாமா, சரி.

எங்களுடையது சின்ன சென்ட் கம்பெனி. மேடம் கலவையைத் தீர்மானிப்பார். நான் எடை போட்டுக் கொடுப்பேன், பதினோரு வருடமாக. மச்சான், அதாவது நான் சொன்ன அந்த மனைவியின் தம்பி, பாட்டிலில் அடைப்பான். அவனைச் சேர்த்துவிட்டதே நான்தான். எங்கள் சென்ட் எதிலும் மூன்று பொருளுக்கு மேல் இருக்காது. மூன்றுமே ரசாயனக் கூடத்தில் பிறந்தவை. பூவும் பழமும் எங்கள் படியேறியதில்லை. நான்காவதாக ஒன்றைச் சேர்க்கலாமா என்று யாராவது வாயெடுத்தால், மேடம் "எதுக்கு?" என்பார். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது.

அந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்துப்போய் வீட்டிலும் கேட்கத் தொடங்கினேன். இரண்டு நாற்காலிகளையும் ஒரு அலமாரியையும் அப்புறப்படுத்தினேன். மச்சானின் கிதாரில் ஆறு தந்திகள் இருந்தன. மூன்றைக் கழற்றி வைத்தேன். அவன் அதற்கே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டான். என் தரப்பில் எந்தக் கோபமும் இல்லை.

புதிதாகச் சேருகிறவர்களின் மூக்கைச் சோதிப்பது எங்கள் வழக்கம். காகிதப் பட்டையை ஒவ்வொரு பாட்டிலிலும் தோய்த்து நீட்டுவார்கள். சில மூக்குகளுக்குச் சில செயற்கை மணங்கள் எட்டவே எட்டாது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. யாருக்கு எந்த எண் தெரியாது என்று சுவரில் ஒரு அட்டையில் எழுதி வைப்போம். மச்சான் ஏழாம் நம்பர் பட்டையை ஐந்து நிமிடம் முகர்ந்துவிட்டு, "மேடம், இது வெறும் பேப்பர்தானே?" என்றான். ஏழு என்பது துவைத்துக் காயவைத்த வெள்ளைத் துணியின் மணம். பாட்டிலிலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது. அவன் பெயருக்கு எதிரே ஏழு ஏறியது. என் பெயருக்கு எதிரே ஒன்றும் கிடையாது. என் சோதனையின்போது எல்லாப் பட்டைக்கும் தலையாட்டினேன். ஏழுக்குக் கொஞ்சம் பலமாகவே ஆட்டினேன்.

மூன்று மாதம் முன்பு மேடம் தன் பக்கத்தில் உட்கார்ந்து கலவை செய்யப் பழக ஒரு ஆள் தேடினார். கலவை அறையில் காலியிருந்தது ஒரே ஒரு இடம். அந்த இடத்துக்காகத்தான் நான் பதினோரு வருடம் தராசின் முன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் மச்சானைக் கூப்பிட்டார். "தெரியலன்னா தெரியலன்னு சொல்ற மூக்குதான் எனக்கு வேணும்" என்றார். நான் கைதட்டினேன். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை என்பது வேறு விஷயம். மூன்று பேர் இருக்கிற இடத்தில் ஒருவர் அதிகம் என்று தோன்றியது. மச்சான் எதுக்கு என்று கேட்டுக்கொண்டேன். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது.

எங்கள் லேபுக்குள் யாரும் எந்த மணத்தோடும் வரக்கூடாது. சோப்புகூட மணமில்லாததாக இருக்க வேண்டும். நான் மச்சானின் லேப் கோட்டை வீட்டில் அலசும் தண்ணீரில், எடுத்து வந்திருந்த ஏழாம் நம்பரில் ஒரு சொட்டு விட்டேன். அலசியபின் முகர்ந்து பார்த்தேன். போதாது என்று பட்டது. இன்னொரு சொட்டு விட்டேன். அப்போதும் போதாது என்று பட்டதால் ஒரு மூடி ஊற்றினேன். அதன்பின் துவைக்கும்போதெல்லாம் அப்படித்தான், என் துணியும் அதே வாளியில்தான்.

"தம்பி, ஏழாம் நம்பரை எடுத்துப் பூசிட்டு வந்திருக்கீங்களா?" என்று மேடம் மறுநாள் கேட்டார்.

"ஐயோ, இல்லீங்க மேடம். எனக்குத்தான் அது தெரியவே தெரியாதே!"

"அதான் உங்களுக்குத் தெரியல, எங்களுக்கும் தெரியாதுன்னு நெனச்சுட்டீங்க."

மச்சான் தன்னையே முகர்ந்து முகர்ந்து பார்த்தான். அன்றிலிருந்து ஒரு நாளைக்கு நான்கு முறை குளித்தான். பிறகு தலையை மழித்தான், புருவத்தையும் மழித்தான். நல்ல ரேஸர் வாங்கிக் கொடுத்தது நான்தான். தோல் டாக்டரிடமும் கூட்டிப் போனேன். டாக்டர் மூக்கைச் சுருக்கி, "நல்லாத்தான் இருக்கு, என்ன பிராண்டு?" என்று கேட்டார். வெளியே வந்ததும் மச்சான் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதான்.

"மாமா, உண்மையைச் சொல்லுங்க. எனக்குள்ளேருந்தே வருதா?"

"இருக்கலாம் மச்சான்" என்றேன். அவன் முதுகைத் தடவியும் கொடுத்தேன்.

அடுத்த வாரம் அவனே ராஜினாமா எழுதினான். எழுத்துப் பிழைகளைத் திருத்திக் கொடுத்தேன். யாருக்கும் தொந்தரவாக இருக்கக்கூடாது என்று தனியாக ஓர் அறை எடுத்துக்கொண்டு போய்விட்டான். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களைத் தவிர யாரும் எனக்கு ஆறுதல் சொல்லல மாமா" என்றான். அப்போது எனக்கும் கண் கலங்கியது. நான் கல்நெஞ்சக்காரன் இல்லை.

அதன்பின் வாழ்க்கை அமைதியாகிவிட்டது. முதுகுவலி என்று மனைவி தலையணையோடு கூடத்துக்குப் போய்விட்டாள். பஸ்ஸில் எவ்வளவு கூட்டமானாலும் என் பக்கத்து இருக்கை காலியாகவே இருக்கிறது. வயது ஏற ஏற ஒரு மரியாதை தானாக வந்துவிடுகிறது.

போன வாரம் மேடம் கூப்பிட்டனுப்பினார். கலவை அறை விஷயம் என்று தலைவாரிக்கொண்டு போனேன். அவர் கைக்குட்டையை மூக்கில் வைத்திருந்தார். சளி போல.

"தம்பி போய் பத்து நாளாச்சு. ஏழு மட்டும் இன்னும் போகல" என்றார். "பாட்டிலும் காலி. துணியெல்லாம் யார் துவைக்கிறது உங்க வீட்டுல?"

"நான்தான்" என்றேன். அவர் ஒரு பட்டையை நீட்டினார். முகர்ந்தேன். ஏழுதான், துவைத்த வெள்ளைத் துணி, சந்தேகமே இல்லை என்றேன். அவர் என்னைப் பார்த்தபடியே, "இது எதிலயும் தோய்க்காத பேப்பர்" என்றார்.

மேடம் என்னைக் குழப்பப் பார்க்கிறார், போகட்டும். மற்றபடி நீங்கள் எழுதியிருப்பது எல்லாம் சரி. ஏழாம் நம்பரைத் திருடியது நான், மச்சான் துணியில் ஊற்றியது நான், அவன் வேலையையும் தூக்கத்தையும் கெடுத்தது நான். கையெழுத்துப் போடுகிறேன். நீங்கள் வாசலருகே போய் நின்றுகொண்டீர்கள், பரவாயில்லை, அங்கிருந்தே கேளுங்கள். கடைசியில் "இவருக்கும் ஏழு மணக்காது" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிடுங்கள். என் மூக்கை நம்பி அடித்துச் சொல்கிறேன், இந்த அறையில் இப்போது ஏழாம் நம்பர் ஒரு துளிகூட இல்லை.