ஸஹாப்தீன் போட்ட பூட்டு

– இன்னும் அந்தப் போனோடதானா குந்திக்கொண்டிருக்கீங்க? சோறு ஆறுது.

– பொறு பல்கீஸ். நாளைக்கு விசாரணைக்கு வரச் சொன்னவங்க முதல்ல கேக்கப்போறது இதைத்தான். விரல் வெச்சுத் திறக்கிறதை நிப்பாட்டிட்டன்.

– ஏன், விரல் என்ன குத்தம் செஞ்சது?

– பிடிச்சு அமத்தினா திறந்திரும். நம்பர் எண்டா என்ட மண்டைக்குள்ள இருக்கும்.

– அப்ப பயமேயில்ல. அதுக்குள்ள போனது எதுவும் இதுவரைக்கும் திரும்பி வந்ததில்ல.

– நக்கலடி, நல்லா அடி. பழைய நம்பர் நம்மட மகள் அப்ரா பிறந்த நாள். அதான் மாத்தினன்.

– அது கிண்ணியா முழுக்கத் தெரிஞ்ச நம்பர். மீன் ஏத்த வாறவனே திறந்து பாட்டுக் கேட்டவன். புது நம்பர் என்ன?

– உனக்கும் சொல்ல ஏலாது.

– ஓம், சரிதான். இருவது வரிசமா உங்களுக்கு உடுப்புத் தோய்க்கிறன் எண்டுபோட்டு உளவு பாக்கத்தானே வந்தனான்.

– விளையாட்டுக் கதை இல்ல புள்ள. கடற்கரையில பாக்கியரத்தினம் அண்ணனை யூனிபோர்ம்காரர் போட்டு அடிச்சதைப் படம் பிடிச்சது ஆரு? நம்மட தோணியில வேலை செய்யிற யதுர்சன். அவன் ஆப்பிட்டா உசிரோட விடுவாங்களா? அவன் அனுப்பின வீடியோவையும் அழிச்சிட்டன். அவன்ட பேரையும் ஐஸ் கடை எண்டு மாத்திட்டன்.

– மாஷா அல்லாஹ். குசினிக் குழாய் ஒழுகுது, அதுக்கு ஒரு வாசர் மாத்த உங்களுக்கு நேரமில்ல.

– இதைவிட அதுவா பெரிசு?

– இல்லத்தான். அவன்ட தாய் கமலேஸ்வரிதான் பாவம். எங்க ஒளிஞ்சிருக்கான் எண்டு அவன் பெத்தவளுக்கே சொல்லல்ல. உங்களை நம்பித்தான் இருக்கா மனிசி.

– நம்பட்டும். போனை நான் ஆர்ட கையிலயும் குடுக்கிறதில்ல. நேத்து நீ உம்மா வீட்ட போன நேரம் அவன்ட கூட்டாளி ஒருத்தர் வந்தார். நல்ல மரியாதையான மனிசன். கதிரையில இருத்தித் தேத்தண்ணி குடுத்தன்.

– கூட்டாளியா? பேரென்ன?

– தேத்தண்ணி குடிக்கிற மனிசன்ட்ட பேர் கேட்டுக்கொண்டு நிக்கிறதா? தன்ட போன்ல சார்ஜ் இல்லையாம். யதுர்சனோட ஒரு கதை கதைக்கோணும், உங்கட போனைத் தாங்க எண்டார். வீட்டுக்கு வந்த ஆளுக்கு இல்லையெண்டு சொல்ல ஏலுமா?

– அல்லாவே. தூக்கிக் குடுத்தீங்களா?

– என்னை மடையன் எண்டா நினைச்ச? நானே யதுர்சனுக்கு அடிச்சு, நம்மட ஆள்தான் எண்டு சொல்லி, ஸ்பீக்கர்ல போட்டுப் பிடிச்சன். தான் ஒளிஞ்சிருக்கிறது லிங்கநகர்ல எந்த வீடு எண்டு அவன் சொல்லி முடியும் வரைக்கும் போன் என்ட கையை விட்டு அசையல்ல.