வெண்டலின் எடை

சாமான் அடுக்குவதில் எனக்கும் என் மனைவி நோரீனுக்கும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. கனமானதை முதலில் ஏற்ற வேண்டும் என்பேன் நான். அவளோ தலையணைகளைக் கொண்டுவந்து முன்னால் திணித்துவிட்டுப் போவாள். ராணுவத்தில் சேர்ந்த நாளிலிருந்து எத்தனையோ வீடு மாறிவிட்டோம், ஒவ்வொரு முறையும் இதே சண்டைதான். இந்தத் தடவை அவள் தம்பி வெண்டல் நடுவில் புகுந்து சமாதானம் செய்தான். "அக்கா, நீ பிள்ளைங்கள கூட்டிக்கிட்டு முன்னால கெளம்பு. மச்சானும் நானும் பாத்துக்கறோம்" என்று அவளைக் காரில் ஏற்றி அனுப்பிவிட்டான். நல்ல மனிதன், மேடம். அவனைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசினால் எனக்குப் பொறுக்காது.

நீங்கள் போலீஸ் இலாகா. எங்கள் மாற்றல் விவகாரம் உங்களுக்குத் தெரிந்திருக்காது, அதனால் சொல்கிறேன். மாற்றல் உத்தரவு வந்தால் சாமானை நாமே வண்டியில் ஏற்றிப் போகலாம், ராணுவம் எடைக்குத் தகுந்தபடி பணம் தரும். காலி வண்டியையும் டிரெய்லரையும் முதலில் நெடுஞ்சாலை எடைமேடையில் நிறுத்தி எடை போட வேண்டும். சாமான் ஏற்றிய பிறகு இன்னொரு தடவை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நம் வீட்டின் எடை. அதைக் கொஞ்சம் கூட்டிக்காட்டப் பார்க்காத ஆள் எங்கள் படையில் அபூர்வம். ஒருவன் பீப்பாயில் தண்ணீர் நிரப்பி ஏற்றுவான். இன்னொருவன் தோட்டத்துச் செங்கல்லை ஏற்றுவான். எங்கள் பிரிவில் வழக்கம் இன்னும் சுலபம். கூட்டாளிகளை டிரெய்லருக்குள் உட்காரவைத்துக் கதவைச் சாத்திவிடுவோம். எடை போட்டு முடிந்ததும் ஒதுக்குப்புறமாக நிறுத்தி இறக்கிவிட்டு ஆளுக்கு ஒரு பீர். மனிதன் தானே ஏறுவான், தானே இறங்குவான். நமக்கு முதுகு வலிக்காது.

மற்ற கூட்டாளிகள் எல்லாரும் பயிற்சிக்குப் போயிருந்தார்கள். வெண்டல்தான் தானாக முன்வந்தான். மூன்று ஆளுக்குச் சமமான உடம்பு அவனுக்கு. "இத்தன வருசமா எல்லாரும் என் தொப்பையப் பாத்துச் சிரிச்சானுங்க மச்சான். மொத தடவையா அதுக்கு ஒரு மரியாத கெடைக்குது" என்று சொல்லிக்கொண்டே டிரெய்லரின் பின்பக்கம் ஏறி, எங்கள் சோபாவில் ராஜா மாதிரி சாய்ந்தான். தன் போனை என்னிடம் நீட்டினான். "உள்ள இருக்கறப்ப அடிச்சுத் தொலைச்சா மாட்டிக்குவ. நீயே வச்சுக்க."

"நான் வந்து தெறக்கற வரைக்கும் மூச்சு விடாத" என்றேன்.

"உத்தரவு, சார்ஜன்ட்" என்று சோபாவில் இருந்தபடியே சல்யூட் அடித்தான். நான் பூட்டினேன். அந்த வாடகை டிரெய்லரின் தாழ்ப்பாள் பூட்டு இல்லாமல் நிற்காது. அதில் வேறு எண்ணம் எதுவும் இல்லை.

ஜூலை மாத ஓக்லஹோமா வெயில். தகரப் பெட்டி. ஆனால் அது கொஞ்ச நேர வேலைதான், மேடம். மேடையில் ஏற்றி நிறுத்தினேன். ஒலிபெருக்கியில் ஒரு பெண் பேர் கேட்டாள், சொன்னேன். இறக்கி ஓரமாக நிறுத்திவிட்டு, உள்ளே போய்ச் சீட்டு வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். என் டிரெய்லரில் சாய்ந்துகொண்டு ப்ரூட் நின்றார்.

ஓடெல் ப்ரூட்டுக்கு எங்கள் முகாம் அலுவலகத்தில் இந்த எடைச் சீட்டுகளைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவதுதான் வேலை. போன வருடம் எடையில் பொய் காட்டிய ஒருவனைப் படையிலிருந்து விரட்டினார்கள், பென்ஷனும் போயிற்று. இப்போது அவன் ஒரு பெரிய கடை வாசலில், சாமான் வாங்க வந்தவர்கள் விட்டுப்போன தள்ளுவண்டிகளைப் பொறுக்கி அடுக்குகிறான். எனக்கு பென்ஷன் கைக்கு வர இன்னும் ஒரு வருடம்கூட இல்லை. அவரைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே கை நீட்டினேன். பயத்தை வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

"என்ன லைல், சொல்லாம கொள்ளாம கம்பிய நீட்டப் பாக்கறியா?" என்றார். அவர் பெட்ரோல் போட வந்தாராம். "எல்லாம் நீயே ஏத்துனியா? முதுகு இருக்கா, போச்சா?" என்று டிரெய்லரை இரண்டு தட்டுத் தட்டினார்.

உள்ளே ஒரு சத்தமும் இல்லை. வெண்டலை நினைத்து எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

"வா, பிரிஸ்கெட் கறி சாப்பிட்டுப் போ. நீ போற ஊர்ல மாட்டுக்கறிய சுடத் தெரியாது, அவிக்கத்தான் தெரியும்" என்று கையைப் பிடித்தார். வேண்டாம் என்றேன். மறுபடியும் சொன்னேன். அதற்கு மேலும் மறுத்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? நீங்களே சொல்லுங்கள், அந்த இடத்தில் நான் என்ன செய்திருக்க முடியும்?

கடை அதே வளாகத்தில்தான் இருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்தேன், வண்டி கண்ணில் படவேண்டும் என்று. ப்ரூட் பேச ஆரம்பித்தால் லேசில் விடமாட்டார். முழங்கால் அறுவை சிகிச்சையை ஒரு தையல் விடாமல் சொன்னார். ஆறிப்போன கறியை மெல்ல மெல்ல மென்றார். பிறகு இனிப்புக்கு, பீச் பழம் வைத்துச் சுட்ட பலகாரம் வேண்டும் என்றார். டிரெய்லர் லேசாக ஆடுவதை நான் பார்த்தேன். காற்று என்று நினைத்துக்கொண்டேன். அன்று காற்றே இல்லை. எனக்கு ஒரு கவளம் இறங்கவில்லை, மேடம், இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

திரும்பி வரும்போது உள்ளிருந்து தட்டும் சத்தம் கேட்டது. ப்ரூட் நின்றுவிட்டார்.

"என்னமோ உருளுதே."

"டம்பெல்" என்றேன்.

"தெற, கட்டிடலாம். ரோட்டுல போறப்ப கதவ ஒடச்சுக்கிட்டு வந்துரும்."

சாவி என் சட்டைப் பையில் இருந்தது. "சாவி நோரீன்கிட்ட இருக்கு" என்றேன்.

தகரம் மெல்லியது. நான் சொன்னது உள்ளே கேட்டிருக்க வேண்டும். ஏனென்றால் தட்டும் சத்தம் உடனே நின்றுவிட்டது. இதை நீங்கள் கவனிக்க வேண்டும். அவன் நினைத்திருந்தால் கத்தியிருக்கலாம். கத்தவில்லை. என் பென்ஷனைப் பற்றி அவனுக்கு அவ்வளவு அக்கறை.

ப்ரூட் என்னைக் கட்டிப்பிடித்து விடைகொடுத்துவிட்டுக் கிளம்பினார். அவர் கார் மறைந்ததும் நான் பின்பக்கம் போனேன். ஓடினேன் என்றே சொல்லலாம். சாவியை எடுத்தேன். பூட்டு கையைச் சுட்டது. தகரத்தில் காதை வைத்தேன். நகத்தால் பிறாண்டுவது போல ஒரு சத்தம். அப்புறம் "மச்சான்" என்று, குழந்தை தூக்கத்தில் கூப்பிடுவது போல.

முதலில் நான் உங்களிடம் சொன்னது பொய். அவனாகவே ஏறிப் படுத்துத் தூங்கிவிட்டான், எனக்குத் தெரியாது என்றேன் அல்லவா, அது பொய். நான் அங்கே நின்றேன். யோசித்தேன். இப்போது திறந்தால் ஆம்புலன்ஸ் வரவேண்டும். யார் பூட்டியது என்று கேட்பார்கள். சாவி மனைவியிடம் இருப்பதாகச் சொன்னது ப்ரூட்டுக்கு ஞாபகம் வரும். வெண்டல் பிழைத்தாலும் நடந்ததைச் சொல்லிவிடுவான். கெட்ட எண்ணத்தால் இல்லை. அவன் வாயில் எதுவும் நிற்காது, அவ்வளவுதான். என் பெண்கள் இருவரும் அடுத்த வருடம் கல்லூரிக்குப் போகவேண்டும். ஒருவனுக்காக நான்கு பேர் தெருவில் நிற்பதா என்று கேட்டுக்கொண்டேன். சாவியைத் திரும்பப் பையில் போட்டேன்.

ஏ.சி. போடவில்லை. அவன் அங்கே வேகும்போது எனக்கு மட்டும் குளிர்ச்சி எதற்கு? முன்னும் பின்னும் ஜன்னலைத் திறந்துவிட்டு ஓட்டினேன். நோரீன் போன் செய்தாள். "வெண்டல் எங்க? போன எடுக்கவே மாட்டேங்கறான். பிள்ளைங்களுக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தர்றேன்னு சொல்லிருந்தான்" என்றாள்.

"பின்னால வர்றான்" என்றேன். அது பொய் இல்லை.

ப்ரூட் உங்களிடம் சொன்னதைக் காலையில் நீங்கள் எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். அன்று டிரெய்லரைத் திறந்து வெண்டலைப் பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாராம். தன் மாற்றலின்போது அவரும் சின்னம்மா மகன்கள் மூன்று பேரை உட்காரவைத்தவர்தானாம். முழங்காலைப் பற்றி அவ்வளவு பேசினாரே, இதைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் இப்போது எல்லாரும் வீட்டில் இருப்போம். இதற்கு நான் மட்டும் எப்படிப் பொறுப்பாக முடியும்?

நோரீன் என்னிடம் பேச மறுக்கிறாள். நேற்று கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள், என் முகத்தையே பார்த்தாள், ரிசீவரை எடுக்காமல் போய்விட்டாள். அவளிடம் ஒன்றே ஒன்று சொல்லிவிடுங்கள், மேடம். அவள் தம்பியை நான் தனியாகச் சாக விடவில்லை. உள்ளே தட்டுவது நிற்கும்வரை வண்டியை எங்கும் நிறுத்தாமல் கூடவே இருந்தேன். மேடு பள்ளத்தில் அவனுக்கு அடிபட்டுவிடக் கூடாது என்று மெதுவாகத்தான் ஓட்டினேன்.