முதல் சிட்டிகைச் சர்க்கரை

"கணையமும் இல்ல, மண்ணீரலும் இல்ல. ரெண்டையும் பட்டணத்து ஆஸ்பத்திரியிலயே உட்டுட்டு வர்றேன்னு உம்மாகிட்ட எப்படி மச்சான் சொல்றது?"

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் என் முன் இருக்கைக்காரர் கேட்டார். சட்டை தோளிலிருந்து தொங்கியது. மடியில் ஒரு ஃபிளாஸ்க். பக்கத்தில் இருந்தவர் அவர் மனைவியின் தம்பி.

"வயித்துல கட்டிய மட்டும் எடுத்தாங்கன்னு மாமிகிட்ட சொன்னது சொன்னதாவே இருக்கட்டும். ஆளு உசுரோட வர்றீங்கல்ல?"

"அங்கதான் வம்பு. நான் உசுரோட வந்தா, சக்கர வச்சு துவா ஓதி மொத சிட்டிகைய என் வாயில போடுறேன்னு உம்மா நேந்துருக்கு. டாக்டரு சக்கரயே கூடாதுங்குறாரு."

"ஒரு சிட்டிகையில என்னா ஆவப்போவுது?"

"இன்னிக்கு சிட்டிகை. நாளைக்குத் தெருவே பாயசத்தத் தூக்கிக்கிட்டு வரும். வேணாம்னா ஏன்னு கேப்பாங்க. தெனம் ஊசி போட்டாத்தான் உசுருன்னு தெரிஞ்சா உம்மா தாங்குமா?"

"அப்ப ஃபிளாஸ்க்குல என்னான்னு கேட்டா?"

"ஐஸ்ல வச்ச ஊசி மருந்துன்னு நீ சொல்லு."

"நல்லா மாட்டி உடுறீங்க!"

புவனகிரியில் பஸ் நின்றது. படியருகே ஓர் அம்மாள் சர்க்கரைத் தட்டோடு நின்றிருந்தார். மைத்துனர் முதலில் குதித்தார்.

"மாமி, தட்ட எங்கிட்ட குடுங்க."

"ஏன், எம்புள்ளைக்கு வாய் இல்லியா?"

முன் இருக்கைக்காரர் ஃபிளாஸ்க்கை அணைத்தபடி மெல்ல இறங்கினார்.

"வாய் இருக்கு உம்மா. தட்ட மச்சான்கிட்ட குடுத்துட்டு இப்புடி ஒக்காருங்க. ஒன்னு சொல்லணும்."

கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் நகர்ந்தபோது தட்டு இன்னும் அந்த அம்மாளின் கையில்தான் இருந்தது.